எத்தனை லோடு?

ஓரகடம் பக்கம் யாராவது நிலம் வாங்கப் போனால் முதல் கேள்வி, சென்ட் என்ன விலை. இரண்டாவது கேள்வி, "எத்தனை லோடு இழுக்கும்?" இந்த வட்டாரம் முழுக்க ஏரிப் பாசன பூமி. ஏரிக்குக் கீழே வயல், வயலுக்குக் கீழே இன்னொரு ஏரி என்று படிப்படியாக இறங்கிப் போகும் நிலம். அதன்மேல் ஷெட் போட, குடோன் கட்ட, லேஅவுட் பிரிக்க, முதலில் ரோட்டு மட்டத்துக்கு மேலே ஏற்றியாக வேண்டும். நாலடி, ஐந்தடி, சில இடத்தில் ஆளுயரம். அதற்குச் சவுடும் கிராவலும் டிப்பரில் வரும். எங்கிருந்து வருகிறது என்று யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. ஏதோ ஒரு ஏரி, ஏதோ ஒரு மேடு.

ஸ்ரீபெரும்புதூர் - ஓரகடம் தொழிற்பேட்டைப் பகுதியில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாடு. சொந்த ஊர் பழவேற்காடு பக்கம். வரலாறு நான் கல்லூரியில் படித்த பாடம் இல்லை. ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வந்தபின் படிக்கிற பழக்கம், அவ்வளவுதான். இந்தக் கட்டுரை மேடுகளைப் பற்றியது. கல்வெட்டும் கற்கோயிலும் விட்டுச்செல்லாத மனிதர்கள் விட்டுச்செல்வது அவர்கள் தின்று, உடைத்து, எறிந்த குப்பையைத்தான். அந்தக் குப்பைமேட்டைப் படிக்க முடிந்தால் என்ன கிடைக்கும், படிப்பதற்கு முன் அதை லாரியில் ஏற்றிவிட்டால் என்ன போகும் என்பதுதான் விஷயம். அதற்கு முதலில் கொஞ்ச தூரம் போக வேண்டியிருக்கிறது, அமெரிக்காவின் ஃப்ளோரிடா வரைக்கும்.

*

ஃப்ளோரிடாவின் தென்மேற்குக் கரையில் எஸ்டேரோ என்று ஒரு விரிகுடா. ஆழமில்லாத உப்புநீர், சுற்றிலும் அலையாத்திக் காடு. பழவேற்காட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் அந்நியமாக இருக்காது. அதன் நடுவே மவுண்ட் கீ என்றொரு தீவு, சுமார் 125 ஏக்கர். அதில் 30 அடி உயரத்துக்கு மேடுகள் இருக்கின்றன. தட்டையான அந்தக் கரையில் 30 அடி என்பது மலைதான். ஆனால் அது பாறையும் கிடையாது, மணல்குன்றும் கிடையாது. ஆளிச்சிப்பி, சங்கு, மீன்முள். நூற்றுக்கணக்கான ஆண்டுகளாகத் தின்று போட்டதை வாரிக் கொட்டி, மட்டப்படுத்தி, திட்டம் போட்டு உயர்த்திய தீவு.

கட்டியவர்கள் கலுசா மக்கள். மவுண்ட் கீ அவர்களுடைய தலைநகரம். நடுவில் அகலமான ஒரு கால்வாய், இரண்டு பக்கமும் பெரிய மேடுகள், ஒரு மேட்டின் உச்சியில் அரசனின் வீடு. 1566இல் அங்கே போன ஸ்பானியத் தளபதி பெத்ரோ மெனெந்தெஸ் தெ அவிலேஸ் கூட்டத்தார், அந்த வீட்டுக்குள் 2,000 பேர் நெருக்கடியில்லாமல் நிற்கலாம் என்று எழுதி வைத்தார்கள். படைத்தளபதிகளுக்கு மிகைப்படுத்தும் பழக்கம் உண்டு. ஆனால் பின்னால் தொல்லியலாளர்கள் அதே மேட்டைத் தோண்டியபோது பெரிய கட்டடம் ஒன்றின் கம்பக் குழிகளும் சுவர் நட்ட தடங்களும் நிஜமாகவே கிடைத்தன. அதே இடத்தில் பல நூறு ஆண்டுகளாக வீட்டைத் திரும்பத் திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

அரசன், பிரபுக்கள், பூசாரிகள், படை, சுற்றுவட்டார ஊர்களிடமிருந்து திறை, பல கிலோமீட்டர் நீளக் கால்வாய்கள். எல்லாம் சரி. இவர்கள் என்ன விளைவித்தார்கள்? இங்கேதான் பாடப்புத்தகம் இடிக்கிறது. கலுசாக்கள் விவசாயம் செய்து வாழ்ந்தவர்கள் இல்லை. வலைக்கு மிதவையாகக் கட்டச் சுரைக்குடுக்கை வைத்திருந்தார்கள், வீட்டோரத்தில் சின்னத் தோட்டம் இருந்திருக்கலாம். ஆனால் மக்காச்சோளத்தை நம்பியோ வேறு தானியத்தை நம்பியோ அவர்கள் வயிறு இல்லை. மீன், சிப்பி, கடலாமை. இதை வைத்துக்கொண்டு ஓர் அரசு.

நாம் பள்ளியில் படித்த வரிசை வேறு. முதலில் வேட்டை, மீன்பிடிப்பு. பிறகு விவசாயம். விவசாயத்தால் உபரி, உபரியால் களஞ்சியம், களஞ்சியத்தைக் காக்கப் படை, படையை ஆள அரசன். இந்த ஏணியில் மீன்பிடிப்பவன் எப்போதும் கீழ்ப்படியில் நிற்பான். காரணமும் எளிமையாகச் சொல்வார்கள்: நெல்லை வருஷக்கணக்கில் சேர்த்து வைக்கலாம், மீன் மறுநாளே நாறிவிடும். சேர்த்து வைக்க முடியாதவனிடம் உபரி இல்லை, உபரி இல்லாதவனிடம் அரசு இல்லை.

கலுசாக்கள் இந்தக் கணக்குக்குக் கொடுத்த விடை, மீனை உயிரோடு சேர்த்து வைப்பது. மவுண்ட் கீயின் நடுக்கால்வாய் கடலில் கலக்கும் இடத்தில், இருபுறமும் சிப்பியாலும் வண்டலாலும் கரை கட்டி எழுப்பிய பெரிய தொட்டிகள் இருக்கின்றன. பெரியது ஏறத்தாழ 36,000 சதுர அடி. நம்மூர்க் கணக்கில் ஒரு நடுத்தர ஷெட். கரையில் ஒரு வாய் விட்டிருக்கிறார்கள். மீன்கூட்டத்தை உள்ளே ஓட்டி, வாயை வலையோ தடுப்போ போட்டு அடைத்துவிட்டால் வேண்டியபோது வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளலாம். மீதியைப் புகைபோட்டுக் காயவைக்கலாம். விக்டர் தாம்சன், வில்லியம் மார்க்வார்ட், கேரன் வாக்கர் முதலியோர் 2020இல் வெளியிட்ட ஆய்வு, இந்தத் தொட்டிகள் 1300க்கும் 1400க்கும் இடையில் கட்டப்பட்டவை என்று காலம் குறித்தது. தொட்டியின் அடியில் மீன்செதிலும் முள்ளும் கிடைத்தன. அவற்றில் ஒன்று நம் மடவை வகையைச் சேர்ந்த மீன். கடல்மட்டம் தாழ்ந்து மீன்வரத்து குறைந்த ஒரு காலத்துக்குப் பிறகு இந்த ஏற்பாடு வந்திருக்கலாம் என்றும் அவர்கள் கருதினார்கள். அரசனுடைய வீட்டைப் பெரிதாக்கிக் கட்டியதும் ஏறத்தாழ அதே காலகட்டம். அவ்வளவு ஆட்களுக்குச் சோறு போட்டது அந்தத் தொட்டிதான்.

இது எதுவும் கலுசாக்கள் எழுதி வைத்ததில்லை. அவர்களுக்கு எழுத்து கிடையாது. ஸ்பானியர்களும் இந்தத் தொட்டியைப் பற்றி எழுதவில்லை. எல்லாம் கீழே படிந்த செதிலும் சிப்பியும் எந்த அடுக்கில், எதன் மேல், எதன் கீழ் இருந்தன என்பதிலிருந்து வாசித்தது.

*

அவர்கள் என்ன ஆனார்கள் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1513இல் ஸ்பெயினின் ஹுவான் போன்ஸ் தெ லியோன் முதன்முதலில் வந்தபோதே விரட்டினார்கள். 1521இல் குடியேற்றம் அமைக்க மறுபடி வந்தவரை அம்பெய்து காயப்படுத்தினார்கள். அவர் கூபாவுக்குத் தப்பிப்போய் இறந்தார். 1566இல் மெனெந்தெஸ் வந்தபோது அரசன் வேறு வழி பார்த்தான். ஸ்பானியர்கள் அவனைக் கார்லோஸ் என்று அழைத்தார்கள். தன் சகோதரியை மெனெந்தெஸுக்குக் கட்டிக்கொடுத்து உறவாக்கிக்கொண்டான். தீவிலேயே ஸ்பானியக் கோட்டை எழுந்தது. ஹுவான் ரொகெல் என்ற ஏசுசபைப் பாதிரியார் வந்தார். மனிதனுக்கு ஓர் ஆன்மா என்று அவர் சொல்ல, கலுசாக்களோ மூன்று என்றார்கள்: கண்ணின் பாவை ஒன்று, நிழல் ஒன்று, தண்ணீரில் தெரியும் பிம்பம் ஒன்று. நாளெல்லாம் தண்ணீரைப் பார்த்து வாழ்கிறவர்களுக்கு மூன்றாவது ஆன்மா தேவைதான் என்று எனக்குத் தோன்றியது.

உறவு நீடிக்கவில்லை. ஸ்பானியர்கள் கார்லோஸைக் கொன்றார்கள், அவனுக்குப் பின் வந்தவனையும் கொன்றார்கள். கலுசாக்கள் ஊரைக் காலி செய்துவிட்டுப் போனார்கள். மீன் கொடுக்க ஆளில்லாத கோட்டை 1569இல் கைவிடப்பட்டது. அதன்பின் நூறாண்டுக்கும் மேல் அவர்கள் யாருக்கும் பணியாமல் இருந்தார்கள். கடைசியில் அவர்களை முடித்தது நோய்களும், வடக்கே ஆங்கிலேயரிடம் துப்பாக்கி வாங்கிக்கொண்டு அடிமை பிடிக்க வந்த குழுக்களும். 1711இல் எஞ்சியவர்களில் ஒரு பகுதியினர் கப்பலேறிக் கூபாவுக்குப் போனார்கள். பெரும்பாலோர் அங்கே நோயில் இறந்தார்கள். 1763இல் ஸ்பெயின் ஃப்ளோரிடாவை விட்டு வெளியேறும்போது கலுசா என்று ஒரு நாடு இல்லை.

மேடுகள் மட்டும் இருந்தன. 1896இல் ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங் அதே கரையில் கீ மார்கோ என்ற இடத்தில் சேற்றுக்குள் தோண்டினார். காற்றுப் புகாத சேறு மரத்தை அழுகவிடாமல் வைத்திருந்தது. முகமூடிகள், வலைத்துண்டுகள், மிதவைகள், மரப்பாத்திரங்கள் என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்கள். மனிதனைப் போல் முழந்தாளிட்டு உட்கார்ந்திருக்கும், ஆறு அங்குல உயரப் பூனை ஒன்று. அது ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தமானது. மற்றவற்றுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. வெளியே எடுத்து வெயில் பட்டதும் பல மரப்பொருட்கள் சுருங்கி, வெடித்து, உதிர்ந்துபோயின. கூட வந்த ஓவியர் வெல்ஸ் சாயர் உடனுக்குடன் வரைந்து வைத்ததால் சில முகமூடிகளின் நிறமாவது நமக்குத் தெரிகிறது.

இன்னொரு வகை நஷ்டத்துக்கு ஓவியர் யாரும் கூட வரவில்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஃப்ளோரிடாவில் சாலை போடுவதற்குச் சிப்பி மேடுகளை வெட்டி எடுத்தார்கள். சிப்பி நல்ல பொருள். கெட்டியாக இறுகும், தண்ணீர் தேங்காது, விலையும் மலிவு. கரையோரத்தில் பெரிது பெரிதாக நின்ற மேடுகள் பல அப்படியே வண்டியேறிச் சாலைக்கு அடியில் போய்விட்டன. மவுண்ட் கீ தீவாக இருந்ததால் தப்பியது. அது கரையில் இருந்திருந்தால் மீன்தொட்டியும் இல்லை, அரசனின் வீடும் இல்லை, இந்தக் கட்டுரையும் இல்லை.

*

இப்போது நம் கரைக்கு வருவோம். சோழமண்டலக் கடற்கரையில் தொல்லியல் அகழாய்வு என்றால் அரிக்கமேடு, காவிரிப்பூம்பட்டினம், அழகன்குளம், கொற்கை. எல்லாமே துறைமுகங்கள். தோண்டியவர்கள் தேடியது வணிகத்தை. 1945இல் அரிக்கமேட்டைத் தோண்டிய மார்டிமர் வீலருக்கு மத்தியதரைக் கடல் மதுச்சாடியின் ஓடுகள் கிடைத்தன. அவர் மனதில் எழுந்த சித்திரம் இப்படி: கரையில் எளிய மீனவர்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள், திடீரென்று ரோம் வந்து இறங்கியது, ஊர் எழுந்தது. பின்னாளில், 1989 முதல் 1992 வரை, விமலா பெக்லி குழுவினர் அதே இடத்தை மறுபடி தோண்டினார்கள். ரோமானியச் சரக்கு வருவதற்கு முன்பே அங்கே தொழிலும் வாணிபமும் உள்ள ஊர் இருந்தது என்பது தெளிவாயிற்று.

"எளிய மீனவர்கள்" என்ற அந்த இரண்டு சொற்கள்தான் எனக்கு உறுத்துகின்றன. மீனவன் என்றாலே எளியவன், ஒன்றும் இல்லாதவன், யாரோ வந்து ஏற்றிவிட வேண்டியவன். கலுசாக்களைத் தெரிந்துகொண்ட பிறகு அதை அத்தனை லேசாகச் சொல்லிவிட முடியாது. பட்டினப்பாலை காட்டும் புகார்ப் பரதவர்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டவர்கள். அவர்களுக்கென்று தெய்வமும் விழாவும் ஓய்வுநாளும் இருந்தன. இன்னும் பின்னால் போனால், 1956இல் சாய்னரும் ஆல்சினும் திருநெல்வேலிக் கரையோரத் தேரி மணல்மேடுகளில் நுண்கற்கருவிகளை ஆராய்ந்து எழுதினார்கள். அந்தச் சிவப்பு மேடுகளுக்கிடையே, காயல்களின் ஓரம் தங்கியவர்கள் மீன்பிடித்து வாழ்ந்திருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். அந்த வழியில் ஆய்வு வளர்ந்த அளவைவிட மதுச்சாடியின் வழியில் வளர்ந்தது அதிகம்.

எங்கள் ஊர்ப்பக்கம் பழவேற்காடு ஏரியில் "பாடு" என்றொரு முறை உண்டு. ஏரியில் யார் எங்கே, எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முடிவு செய்யும். உரிமை உள்ள குடும்பங்களுக்கு முறை சுற்றி வரும். இன்றைக்கு நல்ல இடம் உனக்கு, நாளைக்கு எனக்கு. தாத்தா சொல்வார்: "மீனு யாருக்குடா சொந்தம்? தண்ணிக்கு சொந்தம். நமக்கு நாளுதான் சொந்தம்." அந்த முறைக்குள் நியாயம் மட்டும் இல்லை, பாடு உள்ளவர், பாடு இல்லாதவர் என்ற பிரிவும் சண்டையும் உண்டு. அதைத்தான் சொல்ல வருகிறேன். உரிமை, முறை, தண்டனை, விலக்கு எல்லாம் கொண்ட ஒரு ஆட்சி அது. ஆனால் நாளைக்கு அந்தக் கரையைத் தோண்டினால் பாடு கிடைக்காது. வலை மக்கிவிடும், மூங்கில் மக்கிவிடும், சீட்டு காற்றில் போய்விடும். மீன்முள்ளும் கிளிஞ்சலும் எந்த இடத்தில், எந்த அடுக்கில் கிடக்கின்றன என்பது ஒன்றுதான் மிஞ்சும்.

அந்தக் கிளிஞ்சலையும் நாம் விட்டுவைத்ததில்லை. பளிங்குபோல் மினுங்கும் மெட்ராஸ் சுண்ணாம்புப் பூச்சு ஒரு காலத்தில் உலகம் பேசிய சரக்கு. அதற்குச் சுட்டது கிளிஞ்சல். பழவேற்காட்டு ஏரியின் அடியிலிருந்தும் கிளிஞ்சல் வாரி எடுத்திருக்கிறார்கள். அவற்றில் பெரும்பகுதி இயற்கையாகப் படிந்ததுதான், மனிதர் தின்று போட்டது இல்லை. ஆனால் சூளைக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

*

கடலிலிருந்து 30 கிலோமீட்டருக்கு மேல் உள்ளே இருக்கும் ஓரகடத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

ஸ்ரீபெரும்புதூர் என்றதும் ராமானுஜர், 1991, அப்புறம் கார் தொழிற்சாலை என்று மூன்று விஷயம் ஞாபகம் வரும். இந்தியாவின் கற்காலத் தொல்லியல் தொடங்கிய இடம் இங்கிருந்து பக்கம்தான் என்பது பலருக்கு ஞாபகம் வராது. 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத்துறையின் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரம் ராணுவ மைதானத்தில் ஒரு கிராவல் குழியருகே பழங்கற்காலக் கருவி ஒன்றைக் கண்டெடுத்தார். கவனியுங்கள், கிராவல் குழி. செம்மண் சரளை வெட்டிய இடம். இந்தியாவில் மனிதனின் பழைமையைப் பல்லாயிரம் ஆண்டுகள் பின்னே தள்ளிய கல், நிரப்பு மண் எடுத்த குழியிலிருந்துதான் வந்தது. கல் மட்டும் இல்லை, அது எந்தப் படிவிலிருந்து வந்தது என்பதைப் பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த நாளில் அங்கே நின்றார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங்கும் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே சாந்தி பப்பு குழுவினர் 1999இலிருந்து அடுக்கடுக்காகச் செய்த அகழாய்வுதான், 2011இல் 15 லட்சம் ஆண்டு என்ற காலக்கணிப்பைத் தந்தது.

பிறகு பெருங்கற்காலம். பழைய செங்கல்பட்டு மாவட்டம் முழுக்கக் கல்வட்டங்கள். 1950களில் இந்தியத் தொல்லியல் துறை சானூரிலும் குன்னத்தூரிலும் தோண்டியது. கருப்பு சிவப்புப் பானைகள், இரும்புக் கருவிகள், கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகள் கிடைத்தன. இந்த ஊர்களில் யாரும் இந்த மனிதர்களின் பெயரைச் சொல்ல முடியாது. எந்த மொழியில் அழுது புதைத்தார்கள் என்றும் சொல்ல முடியாது. பானை இருக்கிறது, அது கிடந்த இடம் இருக்கிறது.

2022இல் ஓரகடத்துக்கு அருகே வடக்குப்பட்டு கிராமத்தில் ஒரு மேட்டைத் தொல்லியல் துறையின் சென்னை வட்டம் தோண்டியது. கற்கருவிகள் கிடைத்தன; 12,000 ஆண்டு பழைமை இருக்கலாம் என்று துறையினர் அப்போது பத்திரிகைகளிடம் சொன்னார்கள். செங்கல் கட்டுமானம் கிடைத்தது, கண்ணாடி மணிகள், தங்க அணித்துண்டுகள், சுழல்கோட்டுப் பானை ஓடுகள் கிடைத்தன. கூடவே ரோமானிய மதுச்சாடியின் ஓடும். அதாவது அரிக்கமேட்டில் கரையிறங்கிய அதே வகைச் சாடி, கடலைப் பார்க்காத இந்த ஏரிக்கரை ஊருக்கும் வந்திருக்கிறது. யார் கொண்டுவந்தார்கள், பதிலுக்கு இங்கிருந்து என்ன போனது, வழியில் கடற்கரைக்காரர்களுக்கு என்ன பங்கு? ஒரு மேட்டில் சில குழிகள் தோண்டியதற்கே இத்தனை கேள்வி. சுற்றிலும் சிப்காட் பூங்காக்கள். ஓரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம், இருங்காட்டுக்கோட்டை. இவற்றுக்கு நடுவே இன்னும் எத்தனை மேடுகள்?

ஏரிகளையும் மறந்துவிடக் கூடாது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில், 919ஆம் 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவற்றில், ஏரி வாரியம் வருகிறது. அது படித்தவர்கள் எல்லோருக்கும் தெரியும். பாசிப்பாட்டம் என்று கல்வெட்டுகளில் வரும் சொல் அவ்வளவாகத் தெரியாது. ஏரியில் மீன்பிடிக்கும் உரிமைக்கான வரி அது. அந்த வருமானத்தை ஏரியைச் செப்பனிடவே ஒதுக்கிய ஊர்கள் உண்டு. மீன் ஏரியைக் காத்தது, ஏரி நெல்லைக் காத்தது. கலுசாக்களின் தொட்டி எங்கோ இருக்கும் அதிசயமாகத் தோன்றினால் இதை யோசித்துப் பாருங்கள். தண்ணீரைக் கரைகட்டி நிறுத்தி, அதிலிருக்கும் மீனுக்கு யார் உரிமை என்று கணக்கு வைத்து, அந்தக் கணக்கின்மேல் ஊராட்சி நடத்தியது நமக்கும் தெரிந்த வித்தைதான். நாம் நெல்லை மட்டும் எழுதினோம்.

*

போன வருஷம் மழைக்கு முன்னால் எங்கள் கம்பெனியை ஒட்டிய காலி நிலத்தில் மண் அடித்தார்கள். ஒரு வாரம் இரவும் பகலும் டிப்பர். முதல் மழை பெய்து ஓய்ந்ததும், கொட்டிய மண் கழுவப்பட்டு மேலே ஓடுகள் தெரிந்தன. டீ குடிக்கப் போன வழியில் குனிந்து எடுத்துப் பார்த்தேன். உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு, கையால் தேய்த்தால் மினுமினுப்பு. ஒன்றிரண்டு இல்லை, காலடி வைத்த இடமெல்லாம். லாரி இன்னும் வந்துகொண்டிருந்தது. நிறுத்தியிருந்த டிரைவரிடம் கேட்டேன், எங்கேருந்து அண்ணா எடுக்கிறீங்க?

"எனக்கின்னா சார் தெரியும். நேத்து ஒரு எடம், இன்னிக்கி ஒரு எடம். மிஷின்காரன் எங்க நிக்கிறானோ அங்க போறேன், ரொப்பறான், வந்து கொட்டறேன். ஏன் சார், எதுனா கெடச்சுதா?"

ஓட்டைக் காட்டினேன்.

"அட, இதுவா. இது எல்லா எடத்துலயும்தான் வரும்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எல்லா இடத்திலும்தான் வருகிறது. அதுதான் விஷயமே.

நான் பார்க்கும் வேலையில் ஒரு விதி உண்டு. எங்கள் லைனிலிருந்து போகும் ஒவ்வொரு பாகத்துக்கும் லாட் நம்பர் இருக்கும். எந்தத் தேதி, எந்த ஷிஃப்ட், எந்த மிஷின், எந்தக் கம்பி உருட்டிலிருந்து வந்த எஃகு. நம்பர் இல்லாத பாகம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் சிவப்பு டப்பாவுக்குள் போய்விடும். அதைப் பற்றி எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதால். மண்ணுக்கு அடுக்குதான் லாட் நம்பர். மவுண்ட் கீயில் மீன்செதிலை வைத்து ஓர் அரசின் சாப்பாட்டையே சொல்ல முடிந்தது, செதில் விழுந்த இடத்திலேயே கிடந்ததால். என் கையிலிருந்த ஓடு 2,000 வருஷத்துக்கு முன்னே யாரோ ஒருத்தி வனைந்ததாகவோ வாங்கியதாகவோ இருக்கலாம். ஆனால் அது ஈமக்குழியிலிருந்து வந்ததா, வீட்டு அடுப்படியிலிருந்து வந்ததா, பக்கத்தில் எலும்பு இருந்ததா, நெல் இருந்ததா, மீன்முள் இருந்ததா? எதையும் இனி யாராலும் சொல்ல முடியாது. அது சிவப்பு டப்பாச் சரக்கு.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 1958ஆம் ஆண்டின் தொல்சின்னங்கள் சட்டம், அறிவிக்கப்பட்ட இடங்களைக் காக்கும். அறிவிக்கப்படுவதற்கு முதலில் யாராவது கண்டுபிடித்திருக்க வேண்டும். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் ஒன்று இன்னும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் கலெக்டரிடம் தெரிவிக்க வேண்டும். தங்கக்காசு கிடைத்தால் ஊரே தாசில்தார் ஆபீசில் நிற்கும். பானை ஓட்டுக்கு என்ன மதிப்பு போடுவீர்கள்? சிப்பிக்கு? மீன்முள்ளுக்கு? தங்கம் வைத்துக்கொள்ள வழியில்லாதவர்களின் வரலாறு 10 ரூபாய்க்குக் கீழேயே நின்றுவிடுகிறது.

தொழிற்சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் சோறு போடுவதே அதுதான். பழவேற்காட்டிலிருந்து என்னைப்போல் எத்தனை பேர் வலையை வைத்துவிட்டு இங்கே வந்து பஸ்ஸுக்கு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் சொல்வது சின்ன விஷயம். மண் ஏற்றி வரும் லாரிக்கு நடைச்சீட்டு உண்டு. எடுத்த இடம் அதில் இருக்க வேண்டும். சைட்டில் அந்தச் சீட்டை லோடு எண்ணுவதற்கு மட்டும் பார்க்கிறார்கள். எண்ணி முடித்தபின் அதைக் கிழித்துப் போடாமல் ஒரு கோப்பில் வைத்தால், எந்த மேட்டின் மண் எந்த ஷெட்டுக்கு அடியில் போனது என்பதாவது தெரியும். மண் எடுக்கும் முன் அந்த மேட்டைத் தொல்லியல் படித்த ஒருவர் ஒரு நாள் நடந்து பார்த்தால் இன்னும் நிறையத் தெரியும். ஃபூட் பல்லாவரத்தில் செய்தது அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை இந்த மண்ணே எழுதிக்கொண்டிருக்கிறது. தொல்லியலின் முதல் பாடம், கீழே இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. இங்கே எங்கள் கம்பெனிக்குப் பக்கத்து நிலத்தில் கீழே வயல் மட்டத்தில் பிஸ்கட் கவரும் குட்கா பாக்கெட்டும் கிடக்கின்றன. அதற்கு மேலே ஐந்தடிக்குக் கருப்பு சிவப்பு ஓடு. அதற்கும் மேலே இப்போது கான்கிரீட் தளம். 500 வருஷம் கழித்து ஒருவர் வந்து பொறுமையாகத் தோண்டினால், இந்த ஊரில் பிளாஸ்டிக் காலத்துக்குப் பின்னால்தான் பெருங்கற்காலம் வந்தது என்று குறித்துக்கொள்வார். அவர் மேல் தப்பில்லை.